கம்ப்ரஷன் போன திசை

பெருநல்லிக்குடியில் நூற்றெழுபது வீடு, ஒரு குளம், ஒரு கார். குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. காரைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கமே உண்டு. பொதுநல முன்னேற்றச் சங்கம் என்று பெயர். கார்புரேட்டர் வைத்த பழைய கறுப்புக் கார் அது. முகத்தில் இரும்புக் கைப்பிடியை விட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். சங்கத்தின் பெயரில் முன்னேற்றம் இருந்தாலும், கார் என்னவோ கொஞ்ச நாளாக மேட்டைக் கண்டால் பின்னேறிக்கொண்டிருந்தது.

அதை ஓட்டுகிறவன் உத்திராபதி. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. குணத்தில் குறையில்லை, உடம்பிலும் குறையில்லை. ஆனால் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் “மாப்பிள்ளைக்கு எந்த ஊர்?” என்று கேட்டுவிடுவார்கள். ஊரைச் சொன்னதும், நீட்டிய காப்பியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் விடுவார்கள். இப்படிப் பதினான்கு காப்பி போயிற்று.

பதினைந்தாவது காப்பி ஆலஞ்சேரி பூவராகன் வீட்டில் கிடைத்தது. அவர் மகள் செங்கமலமே கொண்டுவந்து கொடுத்தாள். உத்திராபதி குடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் டம்ளரைப் பிடுங்கவில்லை. அப்போதே அவன் மனசு அங்கே தங்கிவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்குச் சங்கமே காரில் கிளம்பியது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஆற்றுப்பாலம், நல்ல ஏற்றம். பாதிப் பாலத்தில் கார் இரண்டு தடவை இருமி, ஒரு தடவை பெருமூச்சு விட்டு, அப்படியே பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. பின்னால் வந்த மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தாமலே ஓடினார்கள். கடைசியில் தாம்பூலத் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் நடந்துதான் ஆலஞ்சேரி போய்ச் சேர்ந்தார்கள்.

பூவராகன் தட்டுகளை வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு வார்த்தை சொன்னார்.

“முகூர்த்தத்தன்னிக்கு மாப்பிள்ளை இதே கார்ல, இதே பாலம் ஏறி, இன்ஜின் சத்தத்தோட வரணும். தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா, அப்படியே திருப்பித் தள்ளிக்கிட்டுப் போயிடுங்க.”

முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காரைத் தள்ளிக்கொண்டே சந்தைப்பேட்டைக்குப் போனார்கள். அங்கே மெக்கானிக் லூர்துராஜ், லாரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, மாவுக்கட்டோடு பட்டறை பெஞ்சில் படுத்திருந்தார். எழுந்திருக்க முடியாது. படுத்தபடியே சொன்னார்: “கைப்பிடியைப் போட்டுச் சுத்து. எப்படிச் சுத்துது?”

“பம்பரமாச் சுத்துதுண்ணே!” என்றான் உத்திராபதி பெருமையாக.

“பம்பரமாச் சுத்தினா ஆகாதுய்யா. கையை எதிர்க்கணும். இன்ஜின் உள்ள காத்தை அமுக்கினாத்தான் வலு. உன் வண்டியில கம்ப்ரஷன் போயிடுச்சு.”

சங்கத்தின் செயலாளர் சடகோபன் நோட்டை எடுத்து எழுதினார். எது காதில் விழுந்தாலும் எழுதிவிடுகிற மனுஷர். எழுதியதை மாற்றச் சம்மதிக்கவே மாட்டார். ‘கம்ப்ரஷன் போய்விட்டது’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

அன்று சாயங்காலம் சங்கத்தின் அவசரக் கூட்டம். தலைவர் கலியமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது, பெரிய தொந்தி, தலைப்பாகை, தோளில் சரிகைத் துண்டு. முப்பது வருஷமாக அவர்தான் தலைவர். வேறு யாருக்கும் அந்த நாற்காலி அளவாக இல்லை.

“போயிடுச்சுன்னா, எப்பப் போச்சு?” என்றார்.

“நிச்சயத்தன்னிக்குப் பாலத்துல வச்சு” என்றான் உத்திராபதி.

“அதுக்கு முன்னாடி இருந்ததை யார் பார்த்தது?”

யாரும் பார்த்ததில்லை. கூட்டத்தில் கவலை பரவியது. பார்க்காத பொருளை எப்படித் தேடுவது? ஆனாலும் தேடாமல் இருக்கக் கூடாது என்று தீர்மானம் ஆனது. விடிந்ததும் சங்கத்தார் நாற்பத்து நான்கு பேரும் கையில் கம்போடு பாலத்திலிருந்து சந்தைப்பேட்டை வரைக்கும் சாலையோரப் புதர்களைத் தட்டிக்கொண்டே போனார்கள். ஒரு செருப்பு கிடைத்தது. ஒரு பழைய குடை கிடைத்தது. கம்ப்ரஷன் கிடைக்கவில்லை.

பிறகு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுவட்டாரம் முழுக்க அறிவித்தார்கள். “காணவில்லை! பெருநல்லிக்குடி காரிலிருந்து கம்ப்ரஷன் காணவில்லை! நிறம் தெரியாது, உயரம் தெரியாது. கண்டவர்கள் உடனே சங்கத்தில் ஒப்படைக்கவும்!”

இரண்டாம் நாள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு கறுப்பு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். “பாலத்துப் பக்கமா திரிஞ்சுது. உங்களதா பாருங்க” என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சங்கம் ஆட்டைச் சுற்றி நின்றது.

“காத்து மாதிரி இருக்கும்னுதானே மெக்கானிக் சொன்னார்? ஆடு மாதிரின்னு சொல்லலையே?” என்றான் உத்திராபதி.

சடகோபன் நோட்டைப் புரட்டினார். “ஆடு மாதிரி இருக்காதுன்னும் சொல்லலை.”

“கார் கறுப்பு. இதுவும் கறுப்பு” என்றார் தலைவர், தாடையைத் தடவிக்கொண்டு.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று ஆட்டைக் காரின் முன்பக்க மூடியைத் திறந்து இன்ஜின் மேல் நிறுத்திப் பார்த்தார்கள். ஆடு பேட்டரி ஒயரின் மேலுறையில் பாதியைத் தின்றது. கார் கிளம்பவில்லை. ஆகவே அது கம்ப்ரஷன் இல்லை என்று ஒருமனதாக முடிவானது.

எட்டு நாள் மிச்சம்.

உத்திராபதியும் சடகோபனும் மறுபடி லூர்துராஜிடம் போனார்கள். அவர் நடந்ததைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜெபித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“இங்க பாரு. பிளக்கை ஒவ்வொண்ணாக் கழட்டு. அந்த ஓட்டையை ஒருத்தன் கட்டைவிரலால அடைச்சுக்கணும். இன்னொருத்தன் கைப்பிடியைச் சுத்தணும். உள்ள காத்து விரலைத் தள்ளிச்சுன்னா அந்த சிலிண்டர் நல்லது. தள்ளலைன்னா ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, கொஞ்சம் ஊறவச்சு, மறுபடி பாரு. அப்பத் தள்ளிச்சுன்னா ரிங் தேஞ்சிருக்கு. அப்பவும் தள்ளலைன்னா வால்வு. புரிஞ்சுதா?”

“எழுதியாச்சு” என்றார் சடகோபன். அவருக்கு எழுதுவதும் புரிவதும் ஒன்றுதான்.

யார் விரலை வைப்பது என்று விவாதம் நடந்து, அய்யாக்கண்ணு தேர்ந்தெடுக்கப்பட்டான். ஊரின் பயில்வான், முப்பத்தைந்து வயது. அவன் கட்டைவிரல் மற்றவர்களின் மணிக்கட்டு அளவு இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் ஓட்டையை அடைத்தான். உத்திராபதி சுற்றினான்.

“தள்ளுதா?”

“என்னையா? எருமை வந்தே என்னைத் தள்ளினதில்லை. இது தள்ளிடுமா?”

நான்கு சிலிண்டரும் அவனைத் தள்ளவில்லை. ஒருவேளை ஆள் பலசாலியாக இருப்பதால்தானோ என்று தலைவருக்குச் சந்தேகம் வந்தது. சடகோபனை நிறுத்தினார்கள். அவர் ஒல்லி. உத்திராபதி கைப்பிடியைத் தொட்டதுமே பயத்தில் நான்கடி தள்ளிப் போய் விழுந்தார். நான்கு தடவையும் விழுந்தார்.

“அய்யாக்கண்ணு கணக்குப்படி எல்லாம் கெட்டுப்போச்சு. எங்கணக்குப்படி எல்லாம் நல்லாயிருக்கு” என்று மண்ணைத் தட்டிக்கொண்டே எழுதினார் சடகோபன். “சராசரி பார்த்தா இன்ஜின் பாதி நல்லாயிருக்கு.”

பாதி கெட்டிருப்பதற்கு எண்ணெய் விட வேண்டும். என்ன எண்ணெய் என்று லூர்துராஜ் சொல்லவில்லை. ஊறவைப்பதென்றால் நல்லெண்ணெய்தானே? மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சினார்கள். காய்ச்சி இறக்கிய பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

“வெள்ளி பொம்பளைங்க எண்ணெய் தேய்ச்சிக்கிற நாள். ஆம்பளைக்குச் சனி. வண்டி ஆணா, பெண்ணா?” என்றார் தலைவர்.

“புகை விடுது. ஆண்தான்” என்றான் அய்யாக்கண்ணு.

“ஊர்ச்சுமையெல்லாம் அதுதான் சுமக்குது. ஒரு நாள் லீவு கிடையாது. பெண்தான்” என்றது கூட்டத்துக்கு வெளியே நின்ற ஒரு பெண்குரல். யார் என்று திரும்பிப் பார்த்தபோது யாரும் இல்லை. பெண்களுக்குச் சங்கத்தில் பேச உரிமை கிடையாது என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை. சனிக்கிழமைக்கே முடிவானது.

சனிக்கிழமை காலையில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஸ்பூன் விட்டார்கள். மிச்சத்தை மேலெல்லாம் தேய்த்தார்கள். வெயிலில் ஊறவைத்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பகலில் தூங்கக் கூடாது, தூங்கினால் உடம்புக்கு ஆகாது. ஆகையால் கார் கண்ணயர்ந்துவிடாமல் இருக்க, முறை வைத்து ஒவ்வொருவராக உட்கார்ந்து ஹாரன் அடித்தார்கள். மத்தியானம் மூன்று மணி வரைக்கும் கார் விழித்திருந்தது. அதன்பின் பேட்டரி தீர்ந்து தூங்கிவிட்டது.

“ரொம்ப அசதி” என்றார் தலைவர் கனிவோடு.

அன்றைக்குச் செங்கமலம் போன் செய்தாள். “ஏங்க, வண்டி எப்படி இருக்கு?”

“எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டுத் தூங்குது” என்றான் உத்திராபதி.

“நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? வண்டி சரியாகலேன்னா பஸ்ல வந்துடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.”

இப்படி அவனிடம் யாரும் சொன்னதில்லை. “பஸ்ஸுக்குக் கம்ப்ரஷன் இருக்கான்னு விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றான் உத்திராபதி.

அவள் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்காகவாவது காரை ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் விடியும் முன்பே சடகோபனை எழுப்பி இழுத்துக்கொண்டு சந்தைப்பேட்டைக்கு நடந்தான்.

லூர்துராஜ் இந்தத் தடவை ஜெபிக்கக்கூட இல்லை. “ரிங்கோ வால்வோ, எதுவானாலும் ஹெட்டைக் கழட்டாம ஒண்ணும் ஆகாது. நீங்களே கழட்டிக் கொண்டாங்க. ஒரே அடியாக் கழட்டாதீங்க, ஓரத்துலேருந்து ஆரம்பிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா நடுவுக்கு வாங்க. கழட்டினதும் மண்ணெண்ணெயில கழுவி, கரியைச் சுரண்டிட்டு, கண்ணாடி மேல கவுத்து வச்சுப் பாருங்க. இடுக்கு தெரிஞ்சா வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். லேத்துல குடுத்து மட்டம் பண்ணணும்.”

அன்று நடந்த கூட்டம் பெருநல்லிக்குடி வரலாற்றில் முக்கியமானது. சடகோபன் குறிப்பைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஹெட்மாஸ்டர்னா தலைமை ஆசிரியர். ஹெட் கான்ஸ்டபிள்னா தலைமைக் காவலர். வெறும் ஹெட்டுன்னா…” அவர் முடிக்கவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பிறகு எழுந்தார். “முப்பது வருஷமா ரோடு வரலைன்னாங்க, நான் விலகலை. குளம் தூர் வாரலைன்னாங்க, விலகலை. ஆனா நம்ம ஊர்ப் பையன் கல்யாணம் என்னால தடைபடுதுன்னா… கழட்டுங்கய்யா.”

கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். உத்திராபதியும் அழுதான். தனக்காக ஒரு மனுஷர் பதவியை விடுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை.

மெக்கானிக் சொன்னபடி ஓரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். முதலில் செருப்பு. அரை மணி கழித்துத் தலைப்பாகை. பிறகு சரிகைத் துண்டு, மோதிரம், கடிகாரம். பிறகு கையெழுத்துப் போடும் அதிகாரம். மத்தியானத்துக்குமேல் மாலை வாங்கிக்கொள்ளும் உரிமை. எல்லாவற்றுக்கும் கடைசியில், நடுவில் இருந்த நாற்காலியை மெதுவாக உருவினார்கள். எங்கேயும் விரிசல் விடாமல் சுத்தமாகக் கழன்றார்.

மண்ணெண்ணெயில் கழுவினார்கள். மீசையில் பூசியிருந்த கறுப்பைக் கரி என்று சுரண்டியதில் அடியில் வெள்ளை வந்தது. பிறகு டீக்கடை அலமாரிக் கண்ணாடியைத் தரையில் போட்டு, அதன்மேல் தலைவரைக் குப்புறக் கவிழ்த்தார்கள். தொந்தி மட்டும் கண்ணாடியில் பட்டது. தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் எழும்பி, தோணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்.

அய்யாக்கண்ணு தரையில் கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். “ரெண்டு பக்கமும் இடுக்கு தெரியுது. நல்லா வளைஞ்சிருக்கு.”

“வளையாம? முப்பது வருஷமா ஜீப்புல வந்த ஆபீசருக்கெல்லாம் வளைஞ்ச உடம்பு” என்றார் தலைவர் கண்ணாடி மேலிருந்தே. அதையும் சடகோபன் எழுதிக்கொண்டார்.

லேத்துப் பட்டறைக்குத் தலைவரையே கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். ‘இத்துடன் வரும் ஹெட்டைத் தேய்த்து மட்டம் செய்து, இவரிடமே கொடுத்தனுப்பவும்.’ லேத்துக்காரர் கடிதத்தைப் படித்தார், ஆளைப் பார்த்தார், இயந்திரத்தை நிறுத்தினார், நேரே லூர்துராஜிடம் அழைத்துப் போனார்.

லூர்துராஜ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். தலைவரை மோந்து பார்த்தார். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்து, “என் கக்கத்துக்கட்டையை எடுங்க” என்றார். டாக்டர் ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆனால் டாக்டருக்குப் பெருநல்லிக்குடியைத் தெரியாது.

லோடு ஆட்டோவில் கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினார். காருக்கு முன்னால் ஒரு ஸ்டூல், மாவுக்கட்டுக் காலுக்கு ஒரு ஸ்டூல். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க ஒண்ணும் செய்யாதீங்க” என்று உத்தரவு போட்டுவிட்டு மூன்று நாள் வேலை பார்த்தார்.

உண்மையான ஹெட், அதாவது இன்ஜினின் மேல்மூடி, கழன்றது. உள்ளே கரி ரொட்டி மாதிரி படிந்திருந்தது. ரிங்குகள் பிஸ்டனோடு ஒட்டிக் கிடந்தன, ஒன்று உடைந்தே போயிருந்தது. இரண்டு வால்வு கருகியிருந்தது. அவர் தனக்குத்தானே “வால்வு சரியா உக்காரலை” என்று ஒரே ஒரு தடவை முணுமுணுத்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தபோது சடகோபன் வீட்டிலிருந்து சாய்வு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அதன்பிறகு லூர்துராஜ் வாயில் ஒரு துணியைக் கவ்விக்கொண்டார்.

உத்திராபதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வால்வைப் பசை தடவி உட்கார்கிற இடத்தோடு அரைத்ததைப் பார்த்தான். புது ரிங்கை விரல் நுனியில் விரித்து மாட்டியதைப் பார்த்தான். புதுப் பேட்டரி, புது கேஸ்கட், ஹெட், போல்ட்டுகள். தன் வண்டிக்குள் இவ்வளவு சமாச்சாரம் இருக்கிறதா என்று வியந்தான். செங்கமலத்திடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் லூர்துராஜ் அய்யாக்கண்ணுவைப் பார்த்து, கைப்பிடியைச் சுற்றும்படி ஜாடை காட்டினார். அவன் பழைய ஞாபகத்தில் அலட்சியமாகச் சுற்றினான். இன்ஜின் திருப்பி ஒரு உதை உதைத்தது. எருமையால் தள்ள முடியாத அய்யாக்கண்ணு பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தான்.

“வந்துடுச்சு! கம்ப்ரஷன் வந்துடுச்சு!” என்று ஊரே கத்தியது. சாக்கடையிலிருந்து அவனும் கத்தினான். இரண்டாவது சுற்றில் கார் கிளம்பி, சீரான குரலில் பேச ஆரம்பித்தது. உத்திராபதி முகத்தை மறைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஹெட்டை மாட்டியாகிவிட்டதால் தலைவரையும் மாட்டினார்கள்.

லூர்துராஜ் லோடு ஆட்டோவில் ஏறினார். மூன்று நாள் வாய் திறக்காத மனுஷர், தொழில் பக்தியில் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டார். “புது ரிங், பழகணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதைத் தாண்டாதே. தாண்டினா எல்லாம் மறுபடி போயிடும்.” சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. “இருங்க இருங்க, விளக்கமாச் சொல்லிடறேன்” என்று கையை ஆட்டினார். ஆனால் ஆட்டோ கிளம்பிவிட்டது.

முகூர்த்தத்தன்று காலை கூட்டம்.

“என்ன நாப்பது?” என்றார் தலைவர்.

“வேகமா இருக்கும் தலைவரே” என்றான் பட்டுவேட்டியில் இருந்த உத்திராபதி.

“வேகத்தை எதுல பார்ப்பே?”

“முள்ளுல.”

“முள்ளு எங்க நிக்குது?”

“பூஜ்யத்துல. பன்னண்டு வருஷமா.”

“பன்னண்டு வருஷமா பூஜ்யத்தையே தாண்டாத முள்ளு நாப்பதை எப்படித் தாண்டும்? மெக்கானிக் அவ்வளவு விவரங்கெட்டவரா? வேற என்னமோ சொல்லியிருக்கார்.”

சடகோபன் இருமினார். “வயசா இருக்கலாம். புது ரிங் இளசு. நாப்பதைத் தாண்டின உடம்பு கனக்கும்.”

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. கணக்கெடுத்ததில் சங்கத்தில் நாற்பதைத் தாண்டாதவர்கள் உத்திராபதியும் அய்யாக்கண்ணுவும்தான். மற்ற நாற்பத்திரண்டு பேரும் ஊர்வலமாக நடந்து வருவது என்று முடிவானது. உத்திராபதியின் அம்மா சங்கத்தில் உறுப்பினர் இல்லாததால் தீர்மானம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை. அவர் முன்தினமே பஸ்ஸில் போய்விட்டிருந்தார்.

சடகோபன் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்த வழிக்குறிப்பை உரக்கப் படித்து எல்லோருக்கும் மனப்பாடம் செய்துவைத்தார்: “பிரதான சாலையில் நாற்பதாம் கல்லைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்பவும்.”

பெருநல்லிக்குடி முப்பத்து நான்காம் கல். ஆறு கிலோமீட்டர்தான்.

கார் பாலத்தை நெருங்கியபோது உத்திராபதி வேகத்தைக் குறைத்தான். முதல் கியரைப் போட்டான். ஏற்றம் வந்தது. இருமல் இல்லை, பெருமூச்சு இல்லை. நேர்த்திக்கடன் செலுத்தப் படி ஏறுகிறவனைப் போலக் கார் நிதானமாக ஏறி உச்சிக்கு வந்தது. கீழே ஆறு, எதிரே ஆலஞ்சேரி தென்னந்தோப்பு. “ஏறிட்டோம்டா!” என்று அய்யாக்கண்ணு கூரையை ஓங்கித் தட்டினான். உத்திராபதிக்குப் பதினான்கு காப்பியும் மறந்துபோயிற்று.

மறுபக்கம் இறங்கி இரண்டு மைல் போயிருப்பார்கள். உத்திராபதி சட்டென்று பிரேக்கை அழுத்தினான்.

சாலையோரம் ஒரு கல். மஞ்சள் தலை, வெள்ளை உடம்பு. அதில் கறுப்பாக ‘40’.

“அய்யாக்கண்ணு, மெக்கானிக் சொன்னது இதைத்தான்” என்றான். “இதைத் தாண்டினா எல்லாம் போயிடும்.”

கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் மண்சாலை, அதன் முடிவில் பந்தல், நாதஸ்வரம். கார் கல்லுக்கு இந்தப் பக்கம் சமர்த்தாக உறுமிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பூவராகன் மாலையோடு வேகமாக நடந்து வந்தார்.

“ஏன் மாப்ளே, அதான் பாலம் ஏறியாச்சே! பத்தடிதானே, வாங்க!”

“நாப்பதைத் தாண்டக் கூடாது மாமா.”

“இறங்கி நடந்து வாங்க!”

“இன்ஜின் சத்தத்தோட வந்து இறங்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

பூவராகன் தன் வார்த்தையைத் தானே மாற்றுகிற ஆள் இல்லை. மாலையோடு அங்கேயே நின்றுவிட்டார். புரோகிதர் வந்து முகூர்த்தம் முடிய அரை மணிதான் என்றார். உத்திராபதி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கல்யாணம், நடுவில் ஒரு கல்.

அப்போது வளையல் சத்தம் கேட்டது. கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செங்கமலமே வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டாள். கல்லைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், கட்டிக்கொள்ளப் போகிறவனின் முகத்தைப் பார்த்தாள்.

“நாப்பதைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?” என்றாள். “நாப்பதைத் தூக்கி முன்னாடி கட்டுங்க. நீங்க பின்னாடியே வாங்க. ஜென்மத்துக்கும் தாண்ட மாட்டீங்க.”

சங்கத்தில் நாற்பத்து நான்கு பேர் இருந்தும் ஒருவருக்கும் தோன்றாத அறிவு. அய்யாக்கண்ணு கடப்பாரை வாங்கி நாலு நெம்பு நெம்பிக் கல்லைப் பிடுங்கி, காரின் முன்பக்க பம்பரில் நட்டமாகக் கட்டினான். கார் நாற்பதுக்கு இரண்டடி பின்னால், மரியாதை குறையாமல், இன்ஜின் சத்தத்தோடு பந்தலுக்கு வந்து சேர்ந்தது. பூவராகன் மாலை போட்டார். முகூர்த்தம் தப்பாமல் தாலி ஏறியது.

நடந்து வந்தவர்கள் கதை உத்திராபதிக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் முப்பத்தொன்பதாம் கல்லைத் தாண்டி, எண்ணிக்கொண்டே நடந்து, நாற்பத்தொன்றாம் கல்லில் போய் முட்டினார்கள். திரும்பி வந்தார்கள், மறுபடி முப்பத்தொன்பது. நடுவில் ஒரு குழி மட்டும் இருந்தது.

“வலது பக்கம் நாதஸ்வரம் கேக்குதே” என்றார் ஒருவர்.

“கேட்டா? நாப்பது இல்லையே. அது வேற யார் வீட்டுக் கல்யாணமோ” என்றார் சடகோபன். “அழையா வீட்டுக்குப் போறது மரியாதை இல்லை.”

“முப்பத்தொன்பது இருக்கு, நாப்பத்தொண்ணு இருக்கு. அப்ப நாப்பது வந்துதானே ஆகணும்? காத்திருப்போம்” என்று தலைவர் வாய்க்காலோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்தார். நாற்பத்திரண்டு பேரும் பசியோடு உட்கார்ந்தார்கள்.

சாப்பாடு முடிந்து, மத்தியான வெயில் சாய்ந்ததும், உத்திராபதி புது மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். பிரதான சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் புளியமரத்தடிக் கூட்டம் தெரிந்தது.

“ஏங்க, இவங்கள்லாம் எதுக்கு இங்க உக்காந்திருக்காங்க?” என்றாள் செங்கமலம்.

“நம்ம சங்கம்.”

அவர்கள் காரைப் பார்க்கவில்லை. அதன் முகத்தில் கட்டியிருந்ததைத்தான் பார்த்தார்கள். சடகோபன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

“நாப்பது! நாப்பது வருது!”

“பார்த்தீங்களாய்யா?” என்றார் தலைவர், நெகிழ்ந்துபோய். “நாம தேடி அலைஞ்சோம். கொஞ்சம் பொறுத்தோம், அதுவே நம்மைத் தேடி வந்துடுச்சு. எல்லாரும் எந்திரிங்க, வரிசையா நில்லுங்க. வழி ஞாபகம் இருக்கில்ல?”

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. உத்திராபதி ஹாரன் அடித்தான், கையை ஆட்டினான், ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். கல் அவர்களைக் கடந்து போனது. நாற்பதைத் தாண்டியாகிவிட்டதால் நாற்பத்திரண்டு பேரும் ஒரே சீராக வலது பக்கம் திரும்பி, சீர்த்தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வரிசை கலையாமல் வாய்க்காலுக்குள் இறங்கினார்கள்.